சின்ன ஸ்டீரியோ ஸ்பீக்கர் வாங்குமுன்: டெல்டா வீடுகளிலிருந்து வரும் கேள்விகளும் பதில்களும்

தை அறுவடை முடிந்து நெல் போட்ட காசு கைக்கு வரும்போதும், தீபாவளி சமயத்திலும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் ஸ்பீக்கர் பற்றிக் கேட்பார்கள். கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர், மயிலாடுதுறை என்று ஊர் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க, குரலைக் குரலாகத் தருகிற இரண்டு சின்ன பாக்ஸ் போதும். காசை பேஸ் சத்தத்துக்குக் கொட்டாமல், குரலும் வீணையும் வயலினும் வாழ்கிற நடுப்பகுதிக்குக் கொடுங்கள். வாங்கி வந்த பிறகு, எங்கே வைப்பது என்று பார்ப்பதற்கு ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் இந்த இரண்டுக்கும்தான் வந்து சேரும்.

எத்தனை அங்குல ஸ்பீக்கர் வாங்கலாம்?

10-க்கு 10, 10-க்கு 12 அடி அறை என்றால் 4 அங்குல வூஃபர் (கீழ் ஓசையைத் தரும் பெரிய கோன்) உள்ள ஜோடி போதும். பெரிய கூடம் என்றால் 5 அல்லது 5.25 அங்குலம். மேசையில் கணினிக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக் கேட்பவர்களுக்கு 3, 3.5 அங்குலமே நிறைவாக இருக்கும். 6.5 அங்குலத்துக்கு மேல் போனால் பாக்ஸும் பெரிதாகிவிடும், சின்ன அறையில் கீழ்ச்சத்தம் உறுமவும் தொடங்கும்.

எந்த அளவாக இருந்தாலும் ஒவ்வொரு பாக்ஸிலும் வூஃபருக்கு மேலே தனி ட்வீட்டர் (மேல் ஓசைக்கான சின்ன ஸ்பீக்கர்) இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு கோன் எல்லாவற்றையும் பாடும் மலிவு பாக்ஸ்களில் ஜால்ராவும் மோர்சிங்கும் வயலின் வில்லின் உரசலும் மங்கிப் போகும்.

அதே விலையில் 2.1 செட் கிடைக்கிறதே? பெரிய வூஃபர் வேறு இருக்கிறது. அதை வாங்கினால் என்ன?

அதிகம் வரும் கேள்வி இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2.1 செட்டில் கீழே ஒரு வூஃபர் பெட்டி, மேலே இரண்டு குட்டி ஸ்பீக்கர். அந்தக் குட்டி ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 2, 3 அங்குலம்தான். அவற்றால் 150, 200 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு) கீழே சரியாகப் பேச முடியாது. அதனால் அந்தப் பகுதி முழுவதையும் வூஃபர் பெட்டிக்குத் தள்ளிவிடுவார்கள்.

இப்போது குரலைப் பாருங்கள். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் ('ஸ') சுமார் 131 ஹெர்ட்ஸ். இரண்டு கட்டை என்றால் சுமார் 147. பெண்கள் பாடும் ஐந்து கட்டையில் அது சுமார் 196. அதாவது ஆண் குரலின் நடு ஷட்ஜமே வூஃபர் பெட்டியிலிருந்து வரும், மேலே போகப் போகக் குட்டி ஸ்பீக்கருக்கு மாறும். பாடகர் ஸ்வரம் பாடிக்கொண்டு மேலே ஏறும்போது சோபாவுக்கு அடியிலிருந்து எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நிற்பதுபோல் கேட்கும். கடையில் டொம் டொம் என்று அதிரும் பாட்டைப் போட்டுக் காட்டும்போது இது தெரியாது. வீட்டில் விடியற்காலையில் அமைதியாக ஒரு ஆலாபனை கேட்கும்போது தெரியும்.

மிருதங்கத்துக்கும் இதே கதிதான். வலந்தலை (வலப்பக்கம்) ஒரு இடத்தில், தொப்பி (இடப்பக்கம்) வேறொரு இடத்தில் என்று ஒரே வாத்தியம் இரண்டாகப் பிரிந்துவிடும். நல்ல 4 அங்குல ஜோடியில் தொப்பியின் அடி ஆழம் கொஞ்சம் குறைந்தாலும், வாசிப்பவர் ஒரே ஆளாக உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பார். எனக்கு இதுதான் பெரிது.

குத்துப்பாட்டும் சினிமாவும் மட்டும்தான் வீட்டில் ஓடும் என்றால் 2.1 வாங்குங்கள், தவறே இல்லை.

பெட்டியில் 3000 வாட், 5000 வாட் என்று போட்டிருக்கிறதே?

அது பிஎம்பிஓ கணக்கு, ஒரு கணத்துக்கு எட்டும் உச்சம் என்று சொல்லிக்கொள்வது. அதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுமுறை கிடையாது, யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். அது எழுதப்படவே இல்லை என்றால் அந்தப் பொருளை விட்டுவிடலாம்.

வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு வாட் வேண்டும் என்று ஒரு கணக்குப் போடுவோம். தனி ஸ்பீக்கர்களின் குறிப்பில் 'சென்சிடிவிட்டி 87 டெசிபல்' என்று இருக்கும். டெசிபல் என்பது சத்தத்தை அளக்கும் அலகு. ஏறக்குறைய ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் அவ்வளவு சத்தம் வரும் என்று அர்த்தம். இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 6 டெசிபல் குறையும். ஸ்பீக்கர் இரண்டு என்பதால் 3 டெசிபல் கூடும். ஆக 84. சாதாரணமாகப் பேசும் குரல் 60, 65 டெசிபல்தான். ஒரே ஒரு வாட்டிலேயே பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டிய நிலைமை வந்துவிடுகிறது.

வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் ஏறும். 20 வாட்டிலிருந்து 40 வாட்டுக்குப் போனால் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. பக்கத்துக்கு 20 வாட் ஆர்எம்எஸ் இருந்தால் கூடத்துக்குப் போதுமானது. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் சவுண்ட் சர்வீஸ்காரர் இருக்கிறார்.

ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஜோடியா, தனி ஆம்ப் வைத்து ஓட்டும் ஜோடியா?

முதல் முறை வாங்குகிறவர்களுக்கு ஆம்ப் உள்ளேயே இருப்பதைத்தான் சொல்வேன். ஒரு பிளக், ஒரு இணைப்பு ஒயர், வேலை முடிந்தது. அந்த ஸ்பீக்கருக்கு ஏற்ற ஆம்பை நிறுவனமே பொருத்திக் கொடுத்துவிடுகிறது. பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இந்த எளிமை ரொம்ப முக்கியம்.

தனி ஆம்பில் வேறு ஒரு லாபம் இருக்கிறது. ஆம்ப் பழுதானால் ஆம்பை மட்டும் மாற்றலாம். ஸ்பீக்கர் 20 வருடம் உழைக்கும். உள்ளே ஆம்ப் வைத்த ஜோடியில் போர்டு போய், அதற்கு உதிரி கிடைக்காவிட்டால் நல்ல ஸ்பீக்கரும் சேர்ந்து முடங்கிவிடும். சர்வீஸ் சென்டர் திருச்சியிலோ சென்னையிலோதான் என்றால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பேர் சொல்லுங்கள். எதை வாங்கலாம்?

நம் ஊர்க்காரர்களுக்கு ஆன்லைனில் கிடைக்கிறவற்றில், ஆம்ப் உள்ளேயே உள்ள ஜோடிகளில் எடிஃபையர் ஆர்1280டி (R1280T) பலருக்கும் சரியான தொடக்கம். 4 அங்குல வூஃபர், இரண்டு பக்கமும் சேர்த்து 42 வாட் ஆர்எம்எஸ், இரண்டு சாதனங்களை ஒரே நேரத்தில் சொருகி வைக்க இடம். இதில் ப்ளூடூத் கிடையாது. ப்ளூடூத்தும் டிவிக்கான ஆப்டிகல் இணைப்பும் வேண்டும் என்றால் அதே வரிசையில் ஆர்1280டிபி (R1280DB). மேசைக்கு என்றால் ப்ரீசோனஸ் எரிஸ் 3.5 நன்றாக இருக்கும். குரல் அதில் தெளிவு. அதுவும் கட்டுப்படாது என்கிற மாணவர்களுக்கு, யூஎஸ்பியிலேயே ஓடும் கிரியேட்டிவ் பெப்பிள் போன்ற உருண்டை ஜோடிகள் இருக்கின்றன. படிக்கும் மேசையில் ஓர் ஆள் கேட்பதற்கு மட்டும் அது.

தனி ஆம்ப் வழியில் போகிறவர்கள் சோனி எஸ்எஸ்-சிஎஸ்5 ஜோடியைப் பாருங்கள். 13 சென்டிமீட்டர் வூஃபர், 6 ஓம், 87 டெசிபல். மேலே சொன்ன கணக்குக்கு அப்படியே பொருந்தும். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும் கிளாஸ்-டி என்ற வகை ஆம்ப்கள் இப்போது மலிவாக வருகின்றன, அவற்றில் ஒன்று இதற்குப் போதும்.

விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் எழுதவில்லை. திருவிழாக் காலத் தள்ளுபடி வரை பொறுக்க முடிந்தால் பொறுங்கள்.

எங்கள் ஊர் டிவி மெக்கானிக் அசெம்பிள் செட் செய்து தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

ஆம்பை அவரிடம் செய்துகொள்ளலாம், பாக்ஸில்தான் கவனம் வேண்டும்.

எல்ஏ4440 என்ற ஆம்ப் ஐசி போட்ட போர்டுகளை நம் ஊர்களில் காலம்காலமாகப் பார்த்து வருகிறோம். ஸ்டீரியோவாக ஓட்டினால் அது பக்கத்துக்கு ஏறக்குறைய 6 வாட் தரும். நல்ல டிரான்ஸ்ஃபார்மரும் தரமான கெப்பாசிட்டரும் போட்டு, எர்த் ஒழுங்காக எடுத்திருந்தால் அந்த 6 வாட்டில் படுக்கையறைக்கு அருமையான சத்தம் வரும். பழுதானால் நம் தெருவிலேயே சரிசெய்துகொள்ளலாம் என்பது எந்தப் பெரிய கம்பெனியும் தராத உத்தரவாதம்.

பாக்ஸ் அப்படியில்லை. வூஃபரின் தன்மைக்கு ஏற்ப பாக்ஸின் உள்அளவும் அதன் காற்றுத் துளையின் நீளமும் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஓசையைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரும் அந்த இரண்டுக்கும் பொருத்தமாக இருக்க வேண்டும். கண்ணளவில் பிளைவுட் அறுத்து, ட்வீட்டருக்கு ஒரே ஒரு கெப்பாசிட்டரை மட்டும் போட்டு மூடினால் 'ச', 'ஸ' ஓசைகள் காதைக் குத்தும், நடுப்பகுதி கெட்டுப்போகும். ஆகவே பாக்ஸைத் தொழிற்சாலையில் செய்ததாக வாங்கி, ஆம்பை மெக்கானிக்கிடம் செய்துகொள்ளுங்கள். குறைந்த காசில் நிறைந்த சத்தம் கிடைக்கும் வழி எனக்குத் தெரிந்து இதுதான்.

கடையில் நன்றாக இருந்தது. வீட்டில் வைத்தால் கும் என்று ஒரே உறுமல். ஏன்?

ஸ்பீக்கரைக் குறை சொல்வதற்கு முன் அறையைப் பாருங்கள்.

ஒலிக்கு நொடிக்கு சுமார் 343 மீட்டர் வேகம். எதிரெதிரே இருக்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே, அந்தத் தூரத்தைப் போல இரண்டு மடங்கு அலைநீளம் உள்ள ஓசை சிக்கிக்கொண்டு அடங்காமல் நிற்கும். 12 அடிச் சுவர் என்றால் அது சுமார் 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு சுமார் 56. இப்போது கட்டும் கான்கிரீட் வீடுகளில் 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் என்று அறை வைக்கிறார்கள். மூன்று பக்கமும் அதே 56 ஹெர்ட்ஸில் சிக்கிக்கொள்ளும். சின்ன பாக்ஸ்களின் காற்றுத் துளையும் பெரும்பாலும் அந்தப் பக்கத்துக்குத்தான் சுருதி சேர்க்கப்பட்டிருக்கும். நாலும் ஒன்று சேர்ந்தால் உறுமாமல் என்ன செய்யும்?

செய்ய வேண்டியவை எளிது, பைசா செலவில்லை. முதலில் பாக்ஸை மூலையிலிருந்து வெளியே எடுங்கள். மூலையில் தரையும் இரண்டு சுவர்களும் சேர்ந்து கீழ்ச்சத்தத்தை ஊதிவிடும். பின்சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வையுங்கள், துளை பின்பக்கம் இருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகம். அப்படியும் அடங்காவிட்டால் துளைக்குள் ஒரு பழைய காலுறையைச் சுருட்டிச் சொருகிப் பாருங்கள். பேஸ் கொஞ்சம் குறையும், ஆனால் சுத்தமாகும். உட்காரும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். பின்சுவரில் தலை ஒட்டி உட்கார்ந்தால் உறுமல் அதிகமாகக் கேட்கும், ஓர் அடி முன்னால் வந்தாலே வித்தியாசம் தெரியும்.

சுவரில் பதித்த ஷோகேஸுக்குள் ஸ்பீக்கரைத் தள்ளி வைப்பது நம் வீடுகளில் வழக்கம். வேறு இடமே இல்லை என்றால் பாக்ஸின் முகம் தட்டின் விளிம்பு வரை வரட்டும். சுற்றியுள்ள வெற்றிடத்தில் பழைய போர்வை, புடவைத் துணி என்று அடைத்துவிடுங்கள். ஆம்ப் உள்ளே இருக்கும் பாக்ஸ் என்றால் அதன் பின்பக்கத்தைத் துணியால் மூடாதீர்கள், சூடாகும்.

தரை முழுக்க டைல்ஸ். எதிரொலி அடிக்கிறது. என்ன செய்வது?

வெறும் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல். மூன்றும் மேல் ஓசையை அப்படியே திருப்பி அடிக்கும். கை தட்டிப் பாருங்கள், 'ட்ரிங்' என்று ஒரு வால் நீண்டால் குரலின் சொற்கள் கலங்கித்தான் கேட்கும். உங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் கனமான ஜமக்காளம் விரியுங்கள். கோரைப்பாய் மெல்லியது, அது மட்டும் போதாது, ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை. ஜன்னலுக்குக் கனத்த திரை, ஒரு பக்கச் சுவரில் புத்தக அலமாரி. அறுவடை சமயத்தில் கூடத்தில் நெல் மூட்டை அடுக்கியிருக்கும் வீடுகளில் பாட்டு எவ்வளவு அடக்கமாக, தெளிவாகக் கேட்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? சாக்கும் நெல்லும் எதிரொலியை விழுங்கிவிடும்.

எங்களுடையது பழைய ஓட்டு வீடு. ஊஞ்சல், முற்றம் எல்லாம் உண்டு. எங்கே வைக்கலாம்?

நீங்கள் கொடுத்து வைத்தவர். ஓட்டுச் சாய்ப்பு இருப்பதால் தரைக்கும் கூரைக்கும் நடுவே ஒலி சிக்காது. முற்றம் திறந்திருப்பதால் கீழ்ச்சத்தம் வெளியே போய்விடும், உறுமல் தொல்லை கிடையாது. அதே காரணத்தால் பேஸ் மெலிந்தும் கேட்கும். இங்கே மட்டும் பாக்ஸைச் சுவருக்குச் சற்று நெருக்கமாக வைக்கலாம், 5 அங்குல ஜோடிக்கும் போகலாம்.

ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்பவர்கள், ஊஞ்சல் முன்னும் பின்னும் ஆடும் திசைக்கு நேர் எதிரே ஜோடியை வையுங்கள். அப்போது ஆடினாலும் இரண்டு ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் உள்ள தூரம் சமமாகவே கூடிக் குறையும், பாடகர் நடுவிலேயே இருப்பார். பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் குரல் இடமும் வலமும் ஓடும்.

இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? எவ்வளவு உயரம்?

நீங்களும் இரண்டு ஸ்பீக்கரும் சமபக்க முக்கோணமாக இருக்க வேண்டும். 6 அடி தள்ளி உட்கார்ந்தால் இரண்டுக்கும் நடுவே 6 அடி. முகத்தைக் கொஞ்சம் உங்கள் பக்கம் திருப்புங்கள்.

உயரத்துக்கு ஒரே விதி, ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து மூன்று, மூன்றரை அடி. பாயில் சம்மணமிட்டால் இரண்டரை அடிக்குப் பக்கம். வீட்டில் எல்லோரும் தரையில் உட்கார்ந்து கேட்பவர்கள் என்றால் உயரமான ஸ்டாண்டு வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம், தாழ்வான பெஞ்சு போதும். லாஃப்டில் ஏற்றி வைப்பதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

நாதஸ்வரம் கேட்பதற்கு என்று தனியாக ஏதாவது பார்க்க வேண்டுமா?

பார்க்க வேண்டும். மலிவு ஸ்பீக்கரின் குற்றம் குறைகளை நாதஸ்வரம்போல் வேறெதுவும் காட்டிக்கொடுக்காது. 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் செய்யப்படுவது கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவேதான். அந்த வாத்தியத்தைக் கோயில் பிராகாரத்தில் நேரில் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. ஊதும் நாணலான சீவாளியின் கூர்மையும் ஆச்சா மரத்தின் கனமும் சேர்ந்துதான் அந்த நாதம். ஸ்பீக்கரின் மேல் பகுதி தூக்கலாக இருந்தால் கூர்மை மட்டும் வந்து காதைக் கிழிக்கும், கனம் காணாமல் போகும்.

தவிலையும் சேர்த்துக் கேளுங்கள். ஓங்கி அடிக்கும் சொல்லும் (தவிலின் அடியும்) அடுத்து வரும் மெல்லிய சொல்லும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சத்தத்தைக் கூட்டும்போது இரண்டும் ஒன்றாக நசுங்கினால் அந்த ஆம்பின் எல்லை அவ்வளவுதான். இன்னொன்று, நேரில் கேட்கும் சத்தத்தை 4 அங்குல ஜோடியிடம் எதிர்பார்க்க வேண்டாம். அளவான சத்தத்தில் வைத்தால் கமகங்கள் எல்லாம் வரும்.

நான் கேட்பது எல்லாமே பழைய மோனோ பதிவுகள். எனக்கு எதற்கு இரண்டு ஸ்பீக்கர்?

நியாயமான கேள்வி. 1956-ல் மறைந்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பு நமக்குக் கிடைப்பது மோனோவில்தான், அதாவது இடம் வலம் என்று பிரிக்காமல் ஒரே சேனலில். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவலாக விற்பனைக்கு வந்தது 1958 வாக்கில். 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலியின் பழைய ஒலிபரப்புகளும் அப்படியே. இவற்றை மட்டும் கேட்பவர், இரண்டு சுமாரான ஸ்பீக்கருக்குப் பதிலாக ஒரே ஒரு நல்ல ஸ்பீக்கரை வைத்துக் கேட்டாலும் ஒன்றும் குறையாது. இணைக்கும்போது இரண்டு சேனலையும் ஒன்றாக்கித் தரும் 'மோனோ' அமைப்பு ஃபோனில் இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனாலும் ஜோடிதான் வாங்கச் சொல்வேன், ஏனென்றால் வீட்டில் மற்றவர்கள் கேட்பது எல்லாம் ஸ்டீரியோ. ஒழுங்காக வைத்த ஜோடியில் மோனோ பதிவைப் போட்டால் குரல் இரண்டு பாக்ஸிலிருந்தும் விலகி, நட்ட நடுவே ஆள் இருக்கிற மாதிரி நிற்கும். நிற்காவிட்டால் எங்கோ கோளாறு என்று அர்த்தம். குரல் ஒரு பக்கம் சாய்ந்தால் தூரமோ சத்தமோ சமமில்லை. குரல் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் தலையைச் சுற்றிப் பரவி, பேஸும் மெலிந்தால் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் ஒயர் மாறியிருக்கிறது.

பழைய 78 ஆர்பிஎம் தட்டுகளில் மேல் ஓசை சில ஆயிரம் ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதற்கு மேல் கேட்பதில் பெரும்பகுதி தட்டின் கீறல்தான். ட்ரெபிளைக் கொஞ்சம் குறைத்தால் காது களைக்காது.

கடையில் எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

கடைக்காரர் போடும் பாட்டைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். உங்களுக்கு நெடுநாளாகப் பழகிய பாட்டை ஃபோனில் எடுத்துப் போங்கள். ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல், தம்புரா மட்டும் ஒலிக்கும் சில நொடிகள், அப்புறம் யாராவது பேசும் பதிவு ஒன்று. பேச்சைக் கேட்டதும் காதுக்குத் தெரிந்துவிடும். தொட்டிக்குள் பேசுவதுபோல் இருந்தாலும், மூக்கால் பேசுவதுபோல் இருந்தாலும் வேண்டாம்.

இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்க வேண்டும். கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும், விற்பவர்களுக்கு அது தெரியும். பிறகு சத்தத்தை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள். இரவு பத்து மணிக்கு வீட்டில் நீங்கள் கேட்கப் போவது அந்தச் சத்தத்தில்தான்.

ஆன்லைன் என்றால் திருப்பிக் கொடுக்கும் கெடுவுக்குள் இதையெல்லாம் வீட்டிலேயே செய்துவிடுங்கள். அதுவரை அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

ப்ளூடூத்தில் கேட்டால் தரம் குறையுமா?

கொஞ்சம் குறையும், இந்த விலை ஸ்பீக்கர்களில் அதைப் பிரித்துச் சொல்வது கடினம். அறையைச் சரிசெய்வது இதைவிடப் பத்து மடங்கு பலன் தரும். படம் பார்க்கும்போது மட்டும் உதடும் ஒலியும் பிசகலாம், அதற்கு ஒயர் நல்லது.

டிவியோடு சேர்த்தால் 'உம்...' என்று ஒரு சத்தம் வருகிறது.

செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் ஒயரின் எர்த்தும் வீட்டு எர்த்தும் இரண்டு வழியாகச் சுற்றிக்கொண்டால் அந்த உம் வரும். கேபிள் ஒயரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் காரணம் அதுதான். ஆப்டிகல் இணைப்பு உள்ள ஸ்பீக்கர் என்றால் டிவியிலிருந்து ஆப்டிகலில் எடுங்கள், அது வெறும் வெளிச்சம் போகும் இழை, மின்தொடர்பே இல்லை. டிவியின் ஒலி அமைப்பில் பிசிஎம் என்று தேர்ந்தெடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சில சமயம் சத்தமே வராது.

எர்த் பின்னை ஒடித்துவிட்டால் சத்தம் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். செய்யவே செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து.

கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைந்தால், உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்ப்களுக்கு அது ஒத்துவராது. அடுத்த முறை சைன் வேவ் வாங்குங்கள்.

ஸ்பீக்கர் ஒயருக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு மல்டி ஸ்டிராண்டு ஒயர் போதும். 5 மீட்டர் வரை கவலையே இல்லை. பிளஸ் பக்கத்துக்குச் சிவப்பு எடுத்துக்கொண்டால் குழப்பம் வராது.

பழைய ஜோடி ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

நல்ல வழிதான், பார்த்து வாங்க வேண்டும். வூஃபரின் கோனைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். ஃபோம் என்றால் பத்துப் பதினைந்து வருடத்தில், நம் ஈரக்காற்றில் அதற்கும் முன்பே, உதிரத் தொடங்கும். ரப்பர் என்றால் நீடிக்கும். கோனை நான்கு விரலால் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்திப் பாருங்கள். கரகர என்று உரசினால் கோனுக்குப் பின்னால் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) பிசகியிருக்கிறது. ட்வீட்டரை மட்டும் தொடாதீர்கள், அமுங்கிவிடும்.

பிளஸ் மைனஸ் சந்தேகம் வந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். வூஃபர் வெளியே துள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். வளையம் மட்டும் போயிருந்தால் கோன் மாற்றித் தருகிறவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். மைக் செட் வைத்திருப்பவரிடம் கேட்டால் ஆளைக் காட்டுவார். மாற்றினால் இரண்டு பக்கத்தையும் ஒரே பொருளில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஜோடி ஜோடியாக இருக்காது.

மழைக்காலத்திலும் கடலோரத்திலும் எப்படிப் பாதுகாப்பது?

ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் இறங்கும் சுவரோடு பாக்ஸை ஒட்டி வைக்க வேண்டாம். எம்டிஎஃப், பார்ட்டிக்கிள் போர்டு பாக்ஸ்கள் அடியில் ஈரம் ஏறினால் ஊதிப்போகும், கரையானுக்கும் அது பிடித்த தீனி. தரையில் நேராக வைக்காமல் ரப்பர் குமிழ் மேலோ பெஞ்சு மேலோ வையுங்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றால் ஒயர் முனைகள் பச்சை பூக்கும். வருடத்துக்கு ஒரு தடவை கழற்றி, ஒயரின் நுனியைப் புதிதாகச் சீவி மாட்டினால் கரகரப்பு போய்விடும்.

காற்றுத் துளையில் குளவி கூடு கட்டும், பல்லியும் புகும். நெடுநாள் ஊருக்குப் போகும்போது துளையைத் துணியால் அடைத்துவிட்டுப் போங்கள், ஒயரை எலிக்கு எட்டாதபடி சுருட்டி மேலே வையுங்கள். இடி மின்னல் வந்தால் சுவிட்சை அணைப்பது போதாது. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், டிவியிலிருந்து வரும் இணைப்பையும் சேர்த்து.